பெடலை மிதித்தால் ஹம் கூடுகிறது: ஒரு ஸ்டீல் கிட்டார்க்காரரின் கேள்வி

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பெடல் ஸ்டீல் கிட்டார் (கால் வைத்த சட்டத்தில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்பு பாரை நகர்த்தி, பெடலால் சுரத்தை வளைத்து வாசிப்பது) கற்றுக்கொண்டு, இப்போது வார இறுதிகளில் ஒரு கன்ட்ரி குழுவோடு வாசிக்கிறேன். இடையிடையே கோரஸும் பாடுவேன். பத்துக் கம்பி, இ9 ட்யூனிங் (கம்பிகளின் சுருதி அமைப்பு), சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்). ஆம்ப் 1970களில் வந்த மாஸ்டர் வால்யூம் உள்ள ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிட்டாரிலிருந்து வால்யூம் பெடல் (காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது), அங்கிருந்து 6 மீட்டர் கேபிள், ஆம்புக்கு மேலே ஒரு டிலே பெட்டி (எதிரொலி தருவது), பிறகு ஆம்ப். பிரச்சினை, ஹம், அதாவது விடாத ரீங்காரம். வால்யூம் பெடலை மிதிக்க மிதிக்கக் கூடுகிறது. டிலே பெட்டியின் இன்னொரு அவுட்புட்டிலிருந்து சவுண்ட்காரர் மிக்ஸருக்கு வயர் இழுத்தால் இரண்டு மடங்காகிறது. குழு நண்பர் ஒருவர் மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் கொடுத்தார். போட்டதும் பாதி குறைந்தது. டோனும் சரியில்லை: பெடல் பாதியில் இருந்தால் மந்தம், முழுக்க மிதித்தால் காதைக் குத்துகிறது. ஹம்பக்கர் பிக்கப் (இரட்டைச் சுருளால் ஹம்மை அடக்குவது) மாட்டவா, நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) வாங்கவா, ஆம்பையே விற்றுவிடவா? டிசம்பரில் மதுரை வரும்போது ஆம்பையும் எடுத்துவர ஆசை. அது சரிப்படுமா?

பதில்:

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த அடாப்டரைக் கழற்றித் தூரப் போடுங்கள். இன்றைக்கே.

உங்கள் கிட்டாரின் கம்பிகள் பெரும்பாலும் கேபிளின் ஷீல்டு (உள் வயரைச் சுற்றிய உலோக உறை) வழியாக ஆம்பின் சேஸிஸோடு (உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கும். இடது கையில் இரும்பு பார், வலது கை விரல்களில் உலோகப் பிக், வாய்க்கு முன்னால் மைக். ஐம்பது வயதாகப் போகிற ஆம்பில் உள்ளே ஒரு இன்சுலேஷன் விட்டுப்போனால் சேஸிஸில் 120 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் ஃப்யூஸ் போய்விடும், அத்தோடு முடிந்தது. எர்த்தை நீங்கள் வெட்டியிருந்தால் அந்தக் கரண்ட் உங்கள் கை வழியாகப் போய், உதட்டில் படும் மைக் வழியாகத்தான் வெளியேறும். மேடையில் பாடகர்களுக்கு ஷாக் அடித்த கதைகளில் பாதி இந்த ரகம்.

அடாப்டர் போட்டதும் ஹம் குறைந்தது உண்மைதான். அதுவே ஒரு துப்பும்கூட. ஆம்ப் மேடையில் ஒரு பிளக்கில், மிக்ஸர் கூடத்தின் கடைசியில் வேறொரு பிளக்கில். இரண்டுக்கும் தனித்தனி எர்த் பாதை. நடுவில் ஆடியோ வயரின் ஷீல்டு அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட்தான் உங்கள் இரண்டு மடங்கு ஹம். வளையத்தை வெட்டலாம், ஆனால் கரண்ட் வயரில் வெட்டக்கூடாது, சிக்னல் வயரில் வெட்டவேண்டும். டிலே பெட்டிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, அதிலுள்ள, ஷீல்டு இணைப்பை வெட்டும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். சவுண்ட்காரரிடமே ஒன்று இருக்கும், கேட்டால் தருவார். இல்லையென்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைக்கச் சொல்லுங்கள். ட்வின் சத்தத்துக்கு மைக்தான் எனக்குப் பிடித்த வழி.

சரி, இப்போது மிக்ஸர் வயரையும் கழற்றியாயிற்று. மிச்சமிருக்கும் ஹம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதற்குக் கருவி எதுவும் வாங்கவேண்டாம். காதும் பத்தாவது கம்பியும் போதும்.

இ9 ட்யூனிங்கில் உங்கள் பத்தாவது கம்பி பி சுரம், சுமார் 123.5 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். ஆம்பின் பவர் சப்ளையில் அது இரண்டு பக்கமும் ரெக்டிஃபை ஆகும்போது 120 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஹம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பத்தாவது கம்பியைப் பார் வைக்காமல் மெதுவாகத் தட்டுங்கள். ஹம் 120 என்றால் கம்பிக்கும் அதற்கும் கால் சுரம்தான் வித்தியாசம். இரண்டும் உரசி, வினாடிக்கு மூன்று நான்கு தடவை துடிப்பது தெளிவாகக் கேட்கும். அப்படித் துடிக்காமல், கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழமாக நின்றால் அது 60. இரண்டுக்கும் மேலே ‘ஜ்ஜ்ஜ்’ என்று பொரிந்தால் அது டிம்மர், ட்யூப் லைட் வகையறா. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதால் இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. ஆனாலும் 120 ஓங்கிக் கேட்டால் பவர் சப்ளை கண்டென்சர் மேல்தான் என் முதல் சந்தேகம். 60 என்றால் பிக்கப், எர்த் வளையம், ட்யூபின் ஃபிலமென்ட், பயாஸ் சப்ளை (அவுட்புட் ட்யூபுகளை நிலைநிறுத்தும் வோல்டேஜ் தருவது) என்று சந்தேகம் நாலாபக்கமும் போகும்.

அடுத்து, உங்கள் வால்யூம் பெடல். குதிகாலை அழுத்திப் பெடலை முழுக்க மூடினால் அதன் பாட் (திருகினால் தடை மாறும் பாகம்) சிக்னலை நேராக கிரவுண்டில் சேர்த்துவிடும். அப்போது ஹம் நின்றுவிட்டால் அது பெடலுக்கு முன்னாலிருந்து, அதாவது கிட்டாரிலிருந்தோ அந்தக் கேபிளிலிருந்தோ வருகிறது. மூடிய பிறகும் அப்படியே இருந்தால் பெடலுக்குப் பின்னால். மிதிக்க மிதிக்கக் கூடுவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பெரும்பங்கு முன்பக்கம். மூடியிருக்கும்போது கொஞ்சமாவது மிஞ்சுகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதையும் பாருங்கள்.

மிஞ்சினால் ஆம்பைத் தனியாகச் சோதிக்கவேண்டும். ஆம்பின் இன்புட்டுக்கு வரும் எல்லா வயரையும் உருவிவிடுங்கள். ஃபெண்டர் இன்புட் ஜாக்கில் எதுவும் சொருகாதபோது அது தானாகவே கிரவுண்டோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே இப்போது கேட்பது ஆம்பின் சொந்தச் சத்தம் மட்டும். நீங்கள் பயன்படுத்தாத சேனலின் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ரிவெர்ப் குமிழைத் திருப்பும்போது ஹம் கூடினால் அடியில் பையில் கிடக்கும் ரிவெர்ப் டேங்கோ, அதன் இரண்டு மெல்லிய வயர்களோதான் குற்றவாளி. அந்த வயர்களின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே பல தடவை சரியாகிவிடும். வால்யூமையும் மாஸ்டரையும் எப்படித் திருப்பினாலும் ஹம் மாறாமல் நின்றால் பிரச்சினை பவர் பகுதியில்: ஃபில்டர் கண்டென்சர், பயாஸ் கண்டென்சர், அல்லது ஒன்றுக்கொன்று பொருந்தாத அவுட்புட் ட்யூப்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உள்ளே காய்ந்துபோகும் பண்டம். ஓடினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, இருபது வருடத்தைத் தாண்டிவிட்டால் அதை நம்பக்கூடாது. விற்றவரிடம் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்களாகத் திறக்கவேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, பிளக்கை உருவிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கும். ட்யூப் ஆம்ப் பார்க்கும் டெக்னீஷியனிடம் கொடுத்து, ஃபில்டரையும் பயாஸ் கண்டென்சரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். எர்த் வயர் சேஸிஸில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்பின் பின்புறம் ‘ஹம் பேலன்ஸ்’ என்று எழுதிய, ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குமிழ் ஒன்று இருந்தால் அதை மட்டும் நீங்களே மெதுவாகத் திருப்பி, சத்தம் குறைந்த இடத்தில் விட்டுவிடலாம்.

இனி கிட்டார் பக்கம். உங்கள் ஹம்மில் பெரும்பகுதி இங்கேதான்.

சாதாரண டெலிகாஸ்டர் (ஃபெண்டரின் ஆறு கம்பிக் கிட்டார்) பிக்கப்பின் ரெசிஸ்டன்ஸ் 7,000 ஓம் பக்கம். ஸ்டீல் கிட்டார் சிங்கிள் காயில்கள் 17,000, 20,000 என்று போகும். அவ்வளவு சுற்று மெல்லிய கம்பி. காந்தப்புலம் எங்கே அலைந்தாலும் அதில் வந்து மாட்டிக்கொள்ளும். ஆறு கம்பிக் கிட்டார்காரர் ஹம் வந்தால் உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார், நின்றுவிடும். நான்கு கால் வைத்த மேஜை மாதிரிப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சுகம் இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது திருப்ப முடியாது என்பதால் மேடை ஏறியதும், கால்களை இறுக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்: பெடலை முழுக்க மிதித்தபடி கிட்டாரை மெதுவாகச் சுற்றி, ஹம் விழும் கோணத்தைப் பிடியுங்கள். கால்வட்டம் திருப்புவதற்குள் ஏதாவது ஓர் இடத்தில் சட்டென்று இறங்கும். பார்வையாளர்களை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொரு பெரிய காந்தம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ட்வினின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் சின்னப் பொருள் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் இன்புட் இடது பக்கம், விளக்கு எரிவது வலது பக்கம். டிரான்ஸ்ஃபார்மர் அந்த விளக்குப் பக்கம். அந்த முனை பிக்கப்பை விட்டுத் தள்ளியிருக்கும்படி ஆம்பை நகர்த்துங்கள். ஒரு மீட்டரில் இருந்ததை இரண்டு மீட்டராக்கினாலே இந்த வகை ஹம் வெகுவாகக் குறையும், ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் புலம் தூரத்தோடு மிக வேகமாக வீழ்கிறது. அப்புறம் உங்கள் ஊர் நடன பார்களின் நியான் பலகைகள். பீர் கம்பெனி பெயர் சிவப்பில் மின்னும் சுவரை ஒட்டி உட்காரச் சொன்னால் மரியாதையாக வேறு மூலை கேளுங்கள். விளக்குக்கு டிம்மர் போட்டிருந்தால் முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாதி வெளிச்சத்தில்தான் அது அதிகம் பொரியும்.

ஒரு சின்னச் சோதனை: பாரைக் கம்பிகள் மேல் வைத்துக் கையால் நன்றாகத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் ஷீல்டிங் போதவில்லை. பிக்கப் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி, அதை ஜாக்கின் கிரவுண்டில் சால்டர் செய்தால் சரியாகும். தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, கிட்டாரைத் திருப்பினால் மட்டும் மாறினால் அது காந்த ஹம்; எத்தனை தகடு ஒட்டினாலும் போகாது. தொட்டதும் கூடினால் எங்கோ கிரவுண்ட் விட்டிருக்கிறது. அன்றைக்கு வாசிக்காதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள்.

ஹம்பக்கர் மாட்டலாமா என்றால், மாட்டலாம். ஜார்ஜ் எல்ஸ், பில் லாரன்ஸ் போன்ற பெயர்களில் ஸ்டீலுக்கென்றே செய்த ஹம்பக்கர்களை எத்தனையோ பேர் நிம்மதியாக வாசிக்கிறார்கள், ஹம்மும் போய்விடும். ஆனால் சிங்கிள் காயிலின் மேல்ஸ்தாயியில் ஒரு கண்ணாடி மினுக்கு இருக்கிறதே, அது கொஞ்சம் மழுங்கும். 1954இல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் கிட்டாரின் பெடலை மிதித்துச் சுரத்தை வளைத்ததிலிருந்துதான் கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில் முழுக்க இந்த வாத்தியத்தின் பின்னால் ஓடியது. அதற்குப் பிறகு வந்த பழைய நாஷ்வில் ஒலிப்பதிவுகளின் பளபளப்பில் சிங்கிள் காயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஒலிக்காகத்தான் இந்த வாத்தியத்துக்கு வந்தீர்கள் என்றால் பிக்கப்பை மாற்றும் வேலையைக் கடைசியில் வையுங்கள். இடத்தையும் கோணத்தையும் கண்டென்சரையும் சரிசெய்த பிறகும் பொறுக்க முடியவில்லையென்றால் அப்போது பார்க்கலாம்.

நாய்ஸ் கேட் வேண்டவே வேண்டாம். சுரம் தேய்ந்து தேய்ந்து மறைவதுதான் ஸ்டீலின் உயிர். கேட் என்ன செய்யும், அந்த வாலைக் கத்தரித்துவிடும்.

இப்போது டோன். பாதி மிதியில் மந்தம், முழு மிதியில் குத்தல் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிட்டது.

வால்யூம் பெடலுக்குள் இருப்பது 500 கிலோ ஓம் பாட் ஒன்று. அதன் மின் நடுப்புள்ளியில் மேலே 250, கீழே 250. அங்கிருந்து வெளியே போகும் சிக்னலுக்கு முன்னால் ஏறக்குறைய 125 கிலோ ஓம் தடை நிற்கிறது. கிட்டார் கேபிள் ஒவ்வொன்றும் ஒரு நீளமான கண்டென்சர்தான். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 6 மீட்டருக்கு 600. இந்த இரண்டும் சேர்ந்தால் சுமார் 2,100 ஹெர்ட்ஸிலேயே ட்ரெபிள் சரியத் தொடங்கிவிடும். அந்த மந்தத்தை ஈடுகட்ட ஆம்பில் ட்ரெபிளைத் தூக்கிவைத்திருப்பீர்கள். பெடலை முழுக்க மிதித்ததும் பாட் பாதையிலிருந்து விலகிக்கொள்கிறது, அதுவரை அடங்கியிருந்த ட்ரெபிள் எல்லாம் மொத்தமாகக் காதில் விழுகிறது. குத்தாமல் என்ன செய்யும்!

ஹம்முக்கும் இதில் பங்குண்டு. பாதி மிதியில் அவ்வளவு தடைக்குப் பின்னால் தொங்கும் நீளமான கேபிள், ஷீல்டு சரியில்லாத மலிவு ரகமாக இருந்தால், வழியில் கிடக்கும் சத்தத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகும்.

காசு செலவில்லாத தீர்வு: டிலே பெட்டியை ஆம்ப் மேலிருந்து எடுத்து, பெடலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். பெடலிலிருந்து அதற்கு அரை மீட்டர் கேபிள் போதும். 6 மீட்டர் கேபிளை டிலே பெட்டிக்கும் ஆம்புக்கும் நடுவில் போடுங்கள். டிலே பெட்டி அணைந்திருக்கும்போதும் சிக்னலை பஃபர் செய்யும் (நீளமான கேபிளைத் தாங்கும்படி வலுவாக்கும்) ரகம் என்றால், அதன் அவுட்புட்டுக்கு நீளமான கேபிள் ஒரு பொருட்டே இல்லை. ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலை அப்படியே கடத்திவிடும்) ரகம் என்றால் இந்தப் பலன் டிலே ஓடும்போது மட்டும்தான் கிடைக்கும். அணைத்துவிட்டால் பழைய கதை. அப்படியானால் கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் சின்ன பஃபர் ஒன்று வைத்து, பெடலுக்கு அப்பால் உள்ள கேபிளை முடிந்தவரை குட்டையாக்குங்கள். அந்த பஃபர் பிக்கப்பின் மேலிருந்து அந்தப் பாட் தரும் சுமையை இறக்கிவிடும், முழு மிதியிலும் குரல் திறக்கும். பாட் என்பதே இல்லாமல் ஒளியை வைத்து வேலை செய்யும் பெடல்களும் இருக்கின்றன. விலை கூட, ஆனால் பாட் தேய்ந்து கரகரக்கும் தொல்லை கிடையாது.

இதைச் செய்த பிறகு ஆம்பின் குமிழ்களை எல்லாம் புதிதாக வைக்கவேண்டும். பழைய இடத்திலேயே விட்டால் இன்னும் குத்தும். பிரைட் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். மாஸ்டர் குமிழை இழுத்தால் வரும் பூஸ்ட் வேண்டாம், உள்ளே தள்ளிவிடுங்கள். மாஸ்டரை 8க்கு மேல் ஏற்றி, சேனல் வால்யூமை 3, 4 அளவில் வைத்தால் சிக்னல் முன்பகுதியில் உடையாது. ட்ரெபிள் 4, மிடில் 5, பாஸ் 3 என்று தொடங்கிக் காதுக்கு ஏற்ப நகருங்கள்.

ஆம்பை விற்கவேண்டாம் என்பது என் கட்சி. ஸ்டீலுக்கு வேண்டியது உடையாத சுத்தமான சத்தம். பெடலைப் பாதியில் வைத்துக் கம்பியைத் தட்டி, சுரம் தேயத் தேய மிதித்து நிரப்புகிறோம். ஆகவே தட்டும் கணத்தில் ஆம்பிடம் நிறையக் கையிருப்பு இருக்கவேண்டும். ட்வினிடம் அது தாராளமாக உண்டு. கீழ்ச்சுரங்கள் மெலிந்து தோன்றினால் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வெளிப்பெட்டியில் வைத்து, இம்பீடன்ஸ் (ஓம் அளவு) பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டிக் கேளுங்கள். ஃபெண்டரே அந்த நாளில் ட்வினின் உறவான வைப்ரோசோனிக்கில் ஒற்றை 15 அங்குலம் போட்டு விற்றது. அதற்கும் முன்னால், பக்கவாட்டில் உள்ள சாய்வுக் கால்களை இறக்கி ஆம்பை மேல்நோக்கிச் சாயுங்கள். தரையில் நேராக நின்றால் உங்கள் முழங்காலுக்குக் கேட்கும் ட்ரெபிள் காதுக்குக் கேட்காது. அதனாலும் குமிழைக் கூடுதலாகத் திருப்பிவிடுவோம், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பாவம்.

கடைசியாக, மதுரை. கிட்டத்தட்ட 30 கிலோ எடையுள்ள ட்யூப் ஆம்பை விமானத்தில் ஏற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். மீறிக் கொண்டுவந்தால் பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். 120 மட்டும் இருந்தால் நம் ஊர் 230இல் நேராகச் சொருகிய அடுத்த கணம் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், குறைந்தது 500 விஏ, வேண்டும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 60க்கென்று செய்த ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் வாசித்ததும் தொட்டுப் பார்த்து, அணைத்து ஆறவிடுங்கள். கடையில் ஸ்டெப் டவுன் வாங்கும்போது அதன் அவுட்புட் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கிறதா, அது உள்ளே எர்த்தோடு நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு துளை மட்டும் உள்ளதை வாங்கினால் ஆஸ்டினில் கழற்றிப் போட்ட அடாப்டரை மதுரையில் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். பதினைந்து நாள் பயிற்சிக்குத்தான் என்றால், பின்னால் 100–240 வோல்ட் என்று அச்சிட்ட சின்ன ஆம்ப் ஒன்றைக் கிட்டாரோடு எடுத்துவாருங்கள், ட்வின் ஆஸ்டினிலேயே இருக்கட்டும்.